குலம் பார்த்து வளர்த்த நாய்

நாய்க்குக் குலமும் கோத்திரமும் உண்டா என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சிரித்துவிடுவோம். ஆனால் உண்டு, அதுவும் எழுத்து மூலமாக, முத்திரையுடன் உண்டு. தம் கொள்ளுப்பாட்டனாரின் பெயரைச் சொல்லத் தெரியாத பெரிய மனிதர் ஒருவர், தம் வீட்டு நாயின் கொள்ளுப்பாட்டன் இன்னான், கொள்ளுப்பாட்டி இன்னாள் என்று தடையின்றிச் சொல்லுவார். சந்தேகம் கேட்டால் அலமாரியைத் திறந்து வம்சாவளிச் சான்றிதழையும் எடுத்துக் காட்டுவார்.

அந்தக் காகிதம் நாய்க்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பது பற்றி மேல்நாடுகளில் பெரிய வழக்கு ஒன்று நடந்து வருகிறது. வழக்கு என்று நான் சொல்வது வெறும் உபசார வார்த்தை அன்று. நார்வே நாட்டில் அது உச்ச நீதிமன்றம் வரையில் போய்விட்டது. விலங்கியல் முதுகலை வகுப்பில் மரபியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு படிப்பவன் நான். நம் சங்க மலருக்கு ஏதேனும் எழுது என்று ஆசிரியர் கேட்டார். கவிதை எழுத நம்மிடையே போதுமான நண்பர்கள் இருப்பதால், நான் நாயைப் பற்றி எழுதுகிறேன்.

நாய்க் கண்காட்சி அவ்வளவு பழைய வழக்கம் அன்று. 1859ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நியூகாசில் நகரில் நடந்ததையே முறையான முதற் கண்காட்சி என்பர். அங்கே வந்தவை பாயிண்டர், செட்டர் என்ற இருவகை வேட்டை நாய்கள் மட்டுமே. வென்றவருக்குப் பரிசு துப்பாக்கி! நாயும் வேட்டைக்கு, பரிசும் வேட்டைக்கு. 1873இல் லண்டனில் 'கென்னல் கிளப்' என்ற சங்கம் பிறந்தது. 1891இல் சார்லஸ் கிரஃப்ட் என்பவர், நாய் பிஸ்கோத்துக் கம்பெனியில் வேலை பார்த்துத் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றவர், லண்டனில் தம் பெயராலேயே ஒரு கண்காட்சியைத் தொடங்கினார். இன்று பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் நடக்கும் 'கிரஃப்ட்ஸ்' அதுதான்.

இதற்கு முன்பெல்லாம் நாயை அதன் தொழிலைக் கொண்டு மதித்தார்கள். ஆட்டை மடக்கத் தெரிந்தது ஆட்டு நாய். முயலைப் பிடிப்பது முயல் நாய். உருவம் கொஞ்சம் முன்பின் இருந்தால் யாருக்கும் கவலையில்லை. கண்காட்சி வந்ததும் நிலைமை மாறிற்று. வட்டமாக நடத்திக் காட்டும் பத்து நாய்களில் எது உயர்ந்தது என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், எதை வைத்துச் சொல்லுவது? ஆடு மடக்கச் சொல்ல அங்கே ஆடு இல்லை. ஆகவே காது எப்படித் தொங்க வேண்டும், மூக்கு எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும், வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இலக்கணம் எழுதினார்கள். 'இனத் தரம்' என்று அதற்குப் பெயர். நன்னூல் போல அதற்கும் சூத்திரம் உண்டு, உரை உண்டு, உரையாசிரியர்களிடையே சண்டையும் உண்டு.

இலக்கணத்தோடு இன்னொன்றும் வந்தது. வம்சாவளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த குட்டியைத்தான் அந்தப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். வெளியிலிருந்து ஒரு நாய் உள்ளே வர முடியாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இனி உள்ளே இருப்பதுதான் இருப்பு.

இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்குப் புல்டாக் என்ற நாயைச் சொன்னாலே போதும். கட்டி வைத்த காளையின் மேல் நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது இங்கிலாந்தில் ஒரு விளையாட்டாக இருந்தது. அதற்கென்று வளர்த்த முரட்டு நாய் இது. 1835இல் பாராளுமன்றம் அந்த விளையாட்டைத் தடை செய்தது. நாய்க்கு வேலை போயிற்று. வேலை போன நாயைக் கண்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலை பெரியதாக இருப்பது அழகு என்றார்கள். நடுவர் பரிசு கொடுத்தார். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய தலை வந்தது. இடுப்போ குறுகியே இருந்தது. முடிவு யாது? 2010இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின்படி, புல்டாக் குட்டிகள் பிறக்கும் ஈற்றுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் எடுக்கப்படுகின்றன. காளையோடு மல்லுக்கு நின்ற ஜாதி, மருத்துவரின் கத்தி இல்லாமல் பிள்ளை பெற முடியாத ஜாதியாகிவிட்டது.

பக் என்ற சின்ன நாயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2003இல் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிற்றே, அதுதான். அந்த விளம்பரத்துக்குப் பின் நம் நாட்டு நகரங்களில் அதற்கு வந்த மவுசு சொல்லி முடியாது. அதன் முகம் குழந்தை முகம் போல் தட்டையாக இருப்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் எலும்பு குறுகிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை குறுகவில்லை. மேலண்ணத்தின் மெல்லிய பகுதி, நாக்கு, மூக்குக்குள் இருக்கும் மடிப்புகள் எல்லாம் பழைய அளவிலேயே இருந்துகொண்டு சிறிய பெட்டிக்குள் திணித்த துணி போல மூச்சுக் குழாயை அடைக்கின்றன. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைப்பதற்கே வழி இல்லாத நாயைத் தில்லியின் ஜூன் மாத வெயிலில் நடத்திக்கொண்டு போகிறவர்களை இங்கே பார்க்கிறேன். அது குறட்டை விடுவதைக் கேட்டு, "எவ்வளவு அழகாகத் தூங்குகிறது!" என்கிறார்கள். அது தூங்குவதன்று, திணறுவது.

உருவத்தினால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு ஒன்று உண்டு. என் பாடம் அதுதான். ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு மரபணுவையும் இரண்டு பிரதிகளாக வைத்திருக்கிறது. ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். பழுது மறைந்தே கிடக்கும். தாயும் தந்தையும் நெருங்கிய உறவாக இருந்தால், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பழுது இரு வழியிலும் வந்து சேரக்கூடும். அப்போது நல்ல பிரதி இல்லை, நோய் வெளிப்படுகிறது. ஒரு குட்டியின் மரபணு ஜோடிகளில் எத்தனை பங்கு இப்படி ஒரே மூதாதைப் பிரதியாக அமையலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தால் 25 சதவீதம். பாட்டனையும் பேத்தியையும் சேர்த்தால் 12.5.

கண்காட்சி இந்தக் கணக்கை எப்படிக் கெடுக்கிறது என்றால், ஓர் ஆண்டு ஓர் ஆண் நாய் பட்டம் பெறுகிறது. உடனே நாடெங்கும் உள்ள வளர்ப்போர் தம் பெட்டை நாய்களை அதனிடம் கொண்டுபோகிறார்கள். நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு ஒரே தகப்பன். அடுத்த தலைமுறையில் யாரை யாரோடு சேர்த்தாலும் அண்ணன் தங்கை முறைதான். பதிவேட்டில் பத்தாயிரம் நாய்கள் இருக்கலாம். மரபியல் கண்ணோடு பார்த்தால் அவை ஒரு சிறிய கிராமத்துக்குச் சமம். 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் கென்னல் கிளப்பின் பதிவேடுகளிலிருந்து பத்து இனங்களை எடுத்து ஆராய்ந்து, ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்.

அதே 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிபிசி தொலைக்காட்சி ஜாதி நாய்களின் நோய்களைப் பற்றி ஒரு படம் காட்டிற்று. கேவலியர் ஸ்பானியல் என்ற அழகிய சிறு நாய், மூளைக்குப் போதிய அளவில்லாத மண்டையோட்டினால் வலியில் துடிப்பதை இங்கிலாந்து மக்கள் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாய்ப் பிரியர்கள் நிறைந்த நாடாயிற்றே. பெரும் கூச்சல் எழுந்தது. 2009இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே பிபிசி நிறுத்திவிட்டது. கென்னல் கிளப்பும் இனத் தரங்களைத் திருத்தி எழுதிற்று. தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிய மறுத்தது. அதுவரையில் அதைக்கூடப் பதிந்து வந்தார்கள் என்பதை இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். 2012 கிரஃப்ட்ஸில் நோய்க்கு இலக்கான 15 இனங்களில் முதற் பரிசு பெற்றவற்றை மருத்துவர் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு அனுப்புவது என்று விதி வந்தது. அவ்வாண்டே ஆறு இனங்களின் வெற்றி வீரர்கள் தேறவில்லை. புல்டாக் அவற்றுள் ஒன்று.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த கதை டால்மேஷியன் நாயின் கதை. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட நாய். நாயின் உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலம் ஈரலுக்குப் போய் அங்கே எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாறும். டால்மேஷியனில் அந்த அமிலத்தைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று பழுது. ஈரலில் தொழிற்சாலை இருக்கிறது. சரக்கு வந்து சேரவில்லை. ஆகவே அமிலம் சிறுநீரில் தேங்கிப் படிகமாகிக் கல்லாகிறது. ஆண் நாயின் குறுகிய குழாயில் கல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இதில் விந்தை என்னவென்றால், இந்தப் பழுது சில நாய்களுக்கு மட்டும் உள்ளதன்று. பதிவேட்டில் இருந்த டால்மேஷியன் அத்தனைக்கும் இரண்டு பிரதியும் பழுது. புள்ளி நன்றாகத் தெளிந்து வரவேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் இதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். உள்ளே நல்ல பிரதி ஒன்றுகூட இல்லாதபோது, எத்தனை கவனமாக இணை சேர்த்துத்தான் என்ன பயன்?

அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் 1973இல் ஒரு காரியம் செய்தார். டால்மேஷியனை ஒரே ஒரு முறை பாயிண்டர் நாயோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல மரபணு உள்ளதைத் தேர்ந்து மறுபடி டால்மேஷியனோடு, அதன் குட்டியை மறுபடியும் டால்மேஷியனோடு என்று சேர்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் பாயிண்டர் பங்கு பாதியாகக் குறையும். ஐந்தாம் தலைமுறையில் 32இல் ஒரு பங்குதான். பார்ப்பதற்கு டால்மேஷியன், குணத்தில் டால்மேஷியன், சிறுநீரில் மட்டும் கல் இல்லை. 1981இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அப்படிப்பட்ட இரண்டு நாய்களைப் பதிந்தது. டால்மேஷியன் வளர்ப்போர் கிளர்ந்து எழுந்தார்கள். குலம் கெட்டது என்றார்கள்! பதிவு நின்றது. பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் போராட்டம். பிரிட்டன் 2010இலும் அமெரிக்கா 2011இலுமே கதவைத் திறந்தன. இந்த முப்பது ஆண்டுகளில் மருந்து கையில் இருந்தும் கல்லடைத்துச் செத்த நாய்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. விஞ்ஞானக் கட்டுரையில் கோபம் கூடாது என்பார் என் பேராசிரியர். இது சங்க மலர் ஆதலால் எழுதிவிடுகிறேன்.

எதிர்க்கட்சிக்காரர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரு நாய்க்கும் நோய் வரும். 2013இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஆய்வு ஒன்று 24 பரம்பரை நோய்களை எடுத்துக்கொண்டு பார்த்ததில், பத்து நோய்கள் ஜாதி நாய்களில் மிகுதி. பதின்மூன்றில் வேற்றுமை இல்லை. ஒன்று கலப்பு நாய்களிலேயே மிகுதி. மேலும், பதிவேடு என்ற ஒன்று இருந்ததனால்தான் எந்த நோய் எந்த வழியில் வருகிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடிந்தது. குற்றம் ஏட்டில் இல்லை. ஏட்டைப் பார்த்து நாயைப் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது.

நார்வே வழக்கு இதுதான்: புல்டாக்கையும் கேவலியர் ஸ்பானியலையும் அவற்றின் நோய்ச் சுமையோடு இனம் பெருக்குவது பிராணி நலச் சட்டத்துக்கு மாறானது என்று பிராணி நலச் சங்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் ஆம் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் வளர்ப்போர் தப்பினார்கள். கேவலியருக்கு மட்டும் 2023இல் உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதி செய்தது. நெதர்லாந்து அரசோ அளவுகோலையே எடுத்துவிட்டது: மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நாயை இணை சேர்க்கக் கூடாது என்று 2019 முதல் நடைமுறைப்படுத்துகிறது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டுக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத பனி நாட்டு நாய்கள் சிலவற்றையும் மூக்குத் தட்டைகள் சிலவற்றையும் இங்கே பெருக்குவதற்குத் தடை சொல்லுகிறது. அதைவிட முக்கியமாக, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற நம் நாய்களுக்கு இப்போது நல்ல காலம் வந்திருக்கிறது. 2005இல் தபால் தலையில் ராஜபாளையம் நாய் இடம் பெற்றது. 2020இல் பிரதமர் வானொலியில் பெயர் சொல்லிப் பாராட்டினார். கண்காட்சி வட்டத்துக்குள் இந்த நாய்கள் கம்பீரமாக நடக்கின்றன. காட்டுப்பன்றியை விரட்டிய நாய் நடுவர் முன் நின்று பல்லைக் காட்டுகிறது. அதாவது, நியூகாசிலில் 1859இல் பாயிண்டர் நின்ற இடத்தில் இப்போது நம் நாய் நிற்கிறது.

சென்ற குளிர்காலத்தில் இங்கே நடந்த ஒரு கண்காட்சிக்கு விடுதி நண்பனுடன் போயிருந்தேன். பால் வெள்ளையாய் ஒரு ராஜபாளையம். அதைப் பிடித்திருந்தவர் நம்மவர். பேச்சைக் கேட்டதும், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். "அட, நம்ம பக்கம்!" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். நடுவர் என்னென்ன பார்த்தார் என்று கேட்டேன். "மூக்கு ரோஸ் நிறமான்னு பார்த்தாரு, தோலைப் பார்த்தாரு, காது மடிப்பைப் பார்த்தாரு."

"காது கேட்குதான்னு பார்த்தாரா, ஐயா?"

அவர் சிரித்தார். "அது எதுக்கு தம்பி? மடிப்பு சரியா இருந்தாப் போதும்."

அவர் கெட்டவர் அல்லர். நாயின் மேல் உயிரை வைத்திருப்பவர். கண்காட்சியில் கேட்காத கேள்வியை அவர் தாமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் என் தாய்மாமா ஒரு ராஜபாளையம் பெட்டை வைத்திருக்கிறார். பட்டம் வாங்கிய ஆண் நாய் ஒன்றோடு அதைச் சேர்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார். விசாரித்ததில் அந்த ஆண் நாய் இந்தப் பெட்டைக்குப் பாட்டன் முறை. 12.5 சதவீதக் கணக்கைச் சொல்லி, வேண்டாம் மாமா என்றேன். அக்காள் மகளை மணந்தாலும் அதே 12.5 என்பதையும் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாப்பிள்ளை, உங்க பெரியம்மா மகளைத்தானே நான் கட்டியிருக்கேன். அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அதற்கும் விடை உண்டு. மனிதரில் ஒரு தலைமுறையில் இப்படி நேர்ந்தாலும் அடுத்த தலைமுறையில் பெண் வெளியிலிருந்து வருகிறாள். ஒரே மாப்பிள்ளைக்கு ஊரிலுள்ள பெண்களை எல்லாம் கட்டி வைப்பதும் இல்லை. சாத்திய பதிவேட்டுக்குள் நாய்க்கு அந்த வசதி கிடையாது, 12.5-க்கு மேல் 12.5 ஏறிக்கொண்டே போகும். மாமா கேட்டுக்கொண்டார். சேர்க்கப் போகிறாரா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய நாயின் குட்டி என்றால் விலை அதிகம். என் கணக்குக்கு விலை இல்லை.

வேறோர் ஆண் நாயைத் தேடுவதானால் அதற்கு ஒரு சோதனை செய்யுங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்புக்குள்ளே, நிறம் தரும் அதே உயிரணுக்கள் சில இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் அணுக்கள் செத்துவிடும். வெள்ளை மிகுந்த இனங்களில் செவிடு மிகுவது இதனால்தான். அமெரிக்காவில் டால்மேஷியன்களைச் சோதித்தபோது நூற்றுக்கு எட்டு இரு காதும் செவிடு. இருபத்திரண்டு ஒரு காது செவிடு. ராஜபாளையம் நாய்களிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போரே ஒப்புக்கொள்வதுண்டு. முன்னாளில் ஒரே ஈற்றில் வண்ணக் குட்டிகளும் பிறக்கும் என்றும், வெள்ளைதான் உயர்வு என்று அவற்றை ஒதுக்கிவிடுவார்கள் என்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இரு காதும் செவிடான குட்டியை முதுகுக்குப் பின்னால் கை தட்டியே கண்டுகொள்ளலாம். ஒரு காது மட்டும் கேட்காத நாய் கை தட்டினால் திரும்பும், கூப்பிட்டால் வரும். யாருக்கும் ஐயம் தோன்றாது. அது பட்டமும் வாங்கும், நூறு குட்டிகளுக்குத் தகப்பனும் ஆகும். அதைக் கண்டுபிடிக்க, குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆன பிறகு தலையில் மெல்லிய மின் ஊசிகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'டிக் டிக்' என்ற ஒலியைச் செலுத்தி, மூளை அதற்கு மறுமொழி தருகிறதா என்று கருவியில் பார்க்க வேண்டும். சில நிமிஷ வேலை. நாயைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய், இந்தச் சோதனை அங்கே செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். "நாய்க்குக் காது டெஸ்ட்டா! ஊரே சிரிக்கும்டா" என்றார். பிறகு, "வர்ற வாரம் மதுரைக்குப் போறேன்; விசாரிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.